முப்பத்தொன்பதாவது பெட்டி

"கைய எடுங்க," என்றேன்.

பெட்டியைத் தராசில் வைத்தவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். வைத்த கையை எடுக்காமல், பக்கத்து மேசைக்காரரிடம் தன் முழங்கால் வலியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். முள் ஆறரைக் கிலோவில் நின்றது. இரண்டாவது முறை சொன்னதும் திடுக்கிட்டுக் கையை எடுத்தார். முள் நான்கே முக்காலுக்கு இறங்கியது. ஒன்றே முக்கால் கிலோ முழங்கால் வலி. அது கடல் கடந்து போகாமல் காப்பாற்றியது நான்தான்.

மூன்று மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, எங்கள் பகுதிச் சங்கம் வெளிநாட்டு முகாம்களில் இருக்கும் ராணுவத்தினருக்கு நாற்பது பெட்டிகள் அனுப்பும். சமூகக்கூடத்தில் எட்டு மேசைகளை வரிசையாகப் போட்டிருப்பார்கள். ஒரு மேசைக்கு ஒரு பொருள். பெட்டி முதல் மேசையில் காலியாகக் கிளம்பும். பிஸ்கட், சோப்பு, பற்பசை, காலுறை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதிய கடிதம், சீட்டுக்கட்டு, ஷேவிங் செட் என்று ஏழு மேசைகளில் வயிறு நிரப்பிக்கொண்டு எட்டாவது மேசைக்கு வரும். அங்கே என் அம்மா ஒரு துண்டை நான்காக மடித்து மேலே வைப்பாள். அடுத்தது என் தராசு. ஐந்து கிலோவைத் தாண்டினால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். எடை சரியாக இருந்தால், உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஒரு படிவத்தில் எழுதி, சங்கத் தலைவரின் கையெழுத்துக்கு அனுப்ப வேண்டும். படிவத்தில் இருப்பதும் பெட்டியில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் விமான நிலையத்திலேயே பெட்டியை ஒதுக்கிவிடுவார்கள். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் அந்த வேலையும் என்னிடம். கல்லூரியில் மூன்று வருடம் படித்ததில் வெளியே சொல்லிக்கொள்ளும்படி இருப்பது அது ஒன்றுதான்.

மனிதர்களுக்கு எதன் மேலாவது கையை ஊன்றிக்கொண்டு நிற்கிற வியாதி இருக்கிறது என்பதைத் தராசில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். "கைய எடுங்க, கைய எடுங்க" என்று கத்திக் கத்தி, மதியத்துக்குள் எனக்கு அதுவே பெயராகிவிட்டது. "கைய எடுங்க தம்பி, டீ குடிச்சிட்டீங்களா?" என்றார் பற்பசை மேசைக்காரர். அன்று நான் டீ குடிக்கவில்லை. ஒவ்வொரு பெட்டியின் படிவத்திலும் 'ஷேவிங் செட் - 1' என்று எழுத எழுத எனக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடையே வலித்தது.

காரணம், அக்கா.

அக்கா ராணுவத்தில் வண்டி மெக்கானிக். வீட்டில் மிக்ஸி ரிப்பேரானால் அப்பா அதைத் துணி போட்டு மூடிவிட்டு அக்கா லீவில் வரும்வரை காத்திருப்பார். ஒன்றரை வருடமாக அவள் வெளிநாட்டு முகாமில் இருக்கிறாள். எந்த நாடு என்று சொல்லக்கூடாதாம். மணல் இருக்கிறது, வெயில் இருக்கிறது, தண்ணீர் லாரியில் வருகிறது என்பதுவரை சொல்லலாமாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைப்பாள். ஏழு நிமிடம். முதல் நான்கு நிமிடம் அம்மாவுக்கு. அந்த நான்கு நிமிடமும் "சாப்டியா? தூங்கினியா? ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்ற மூன்று கேள்விகள் சுற்றிச் சுற்றி வரும். அப்பாவுக்கு ஒரு நிமிடம். அவர் "ஜாக்கிரதை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மிச்சம் ஐம்பது விநாடியை மௌனமாகச் செலவழிப்பார். கடைசியில் எனக்கு.

போன ஞாயிறு, போன் என் கைக்கு வந்ததும் அக்கா கேட்டாள்: "அம்மா பக்கத்துல இருக்காளா?"

"துணி காயப்போடப் போயிட்டா. சொல்லு."

"டேய், நீ அந்தச் சங்கத்துல தராசு பாக்கறல்ல? எனக்கு இதுவரைக்கும் நாலு ஷேவிங் செட் வந்திருக்குடா. தாடி மட்டும்தான் இன்னும் வரல."

சிரித்தேன். பிள்ளைகளின் கடிதங்களைப் பற்றி ஏற்கெனவே சொல்லியிருக்கிறாள். 'அன்புள்ள அண்ணா' என்று தொடங்கும். ஒரு குட்டிப் பயல், 'எதிரி வந்தால் உங்கள் மீசையை முறுக்கிக் காட்டுங்கள்' என்று யோசனை சொல்லியிருந்தானாம். அக்கா அதைத் தன் கட்டிலுக்கு மேல் ஒட்டி வைத்திருக்கிறாள்.

"சிரிக்காத. நான் சொல்றத கேளு. இங்க நாங்க ஒன்பது பொண்ணுங்க. நாப்கின் தீர்ந்து ரெண்டு மாசம் ஆச்சு. கேன்டீன் வண்டில வர்ற சாமான் லிஸ்டுல அது இல்ல. பல்லு குத்துற குச்சி இருக்கு. ஷூவுக்கு மூணு கலர்ல பாலிஷ் இருக்கு. சப்ளை ஆபீசருக்கு எழுதிக் குடுத்தோம். கோரிக்கை பரிசீலனையில் உள்ளதுன்னு பதில் வந்திருக்கு. அவங்க பரிசீலிச்சு முடிக்கறதுக்குள்ள எங்களுக்கெல்லாம் வயசாகி அதுவே நின்னுடும்."

"இப்ப என்ன பண்றீங்க?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உங்க பெட்டில துண்டு வருதுல்ல? அதத்தான் நாலா கிழிச்சு வச்சுக்கறோம். தொவைக்கத் தண்ணி பத்தறதில்ல. வண்டிக்கு அடியில அஞ்சு மணி நேரம் படுத்துக் கெடக்கணும். புண்ணாயிடுச்சுடா. போன மாசம் எனக்குக் காய்ச்சல்னு சொன்னேன்ல, அது அதான். டாக்டர் வெயிலுன்னு எழுதிட்டாரு. அம்மாகிட்ட நாப்கின் வேணும்னு மட்டும் சொல்லு. துண்டு விஷயத்தச் சொல்லாத. ஒரே ஒரு பெட்டி போதும். ஒன்பது பேருக்கு மூணு மாசம் ஓடிடும்."

நேரம் முடிந்து லைன் கட்டானது.

எனக்குக் கோபம் வந்தால் வழக்கமாக நக்கல்தான் வரும். வகுப்பில் துறைத் தலைவரையே அழவைத்திருக்கிறேன். அன்று எதுவும் வரவில்லை. அந்தத் துண்டு என் கண்ணுக்குள் வந்து நின்றது. வெள்ளைத் துண்டு. அதன் ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை நீல எழுத்தில் 'வீரர்களுக்கு அன்புடன்' என்றும், அதன் கீழே சங்கத் தலைவரின் பெயரும், அதற்கும் கீழே அவருடைய மெத்தை, சோபா கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும் அச்சிட்டிருக்கும். பாலைவனத்திலிருந்து யாராவது அவசரமாக சோபா கேட்டுவிட்டால்?

தலைவரை நாங்கள் கல்லூரியில் 'ரிப்பன்' என்போம். எங்கள் பகுதியில் ரத்தப் பரிசோதனை நிலையம் முதல் கழிப்பறைவரை எது திறந்தாலும் கத்தரிக்கோலோடு நிற்பவர் அவர். அவருடைய வாழ்த்துரை பதினாறு பக்கப் புத்தகமாக, பிள்ளைகளின் கடிதத்தோடு சேர்ந்து ஒவ்வொரு பெட்டியிலும் போகும். அதில் அவருடைய படம் பதினொன்று. ராணுவ வீரரின் படம் ஒன்று. அதுவும் முதுகுப் பக்கம்.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அப்பாவும் கூடத்தில் இருந்தார். நான் 'நாப்கின்' என்று சொன்ன அந்த நொடியே அவர் எழுந்து, தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போனார். அன்று யாரும் மோட்டாரே போடவில்லை. அம்மா ஜன்னலைச் சாத்தினாள். பிறகு என்னைப் பார்க்காமல், சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைப் பார்த்துக்கொண்டு பேசினாள். போன வருடம் சங்கம் கொடுத்த சான்றிதழ் அது. 'வீர மகனைப் பெற்றெடுத்த அன்னைக்கு' என்று தங்க எழுத்தில் போட்டிருக்கும். எல்லோருக்கும் ஒரே மாதிரி அடித்துவிட்டார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்து, "லீவு எப்ப முடியுது தம்பி?" என்று மரியாதையாகக் கேட்பார்கள்.

"இத எப்படிடா போய்க் கேக்கறது?" என்றாள் அம்மா.

"வாயாலதான்."

"பேசாம நம்மளே தனியா அனுப்பிட்டா?"

"வீட்லருந்து அனுப்பற பார்சல் முகாம் வரைக்கும் போகாதும்மா. சங்கத்துப் பெட்டிய மட்டும்தான் ராணுவ விமானத்துல ஏத்தறாங்க. இந்த சனிக்கிழமைய விட்டா இன்னும் மூணு மாசம்."

அம்மா நீண்ட நேரம் விரல்களை நெட்டி முறித்துக்கொண்டிருந்தாள். அவள் அரசு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். பிரசவ வார்டு, விபத்து வார்டு, அறுவைக் கூடம் என்று ஊரில் சிந்துகிற ரத்தமெல்லாம் மூட்டை மூட்டையாக அவளிடம்தான் வரும். எந்தக் கறைக்குக் குளிர்ந்த தண்ணீர், எதற்கு உப்பு, எதற்கு நேரம் கடந்துவிட்டது என்று துணியைத் தொட்டுப் பார்த்தே சொல்வாள். அப்படிப்பட்டவள், "அந்த இது" என்றுதான் அன்று முழுவதும் சொன்னாள். அந்த இது எத்தனை வேணுமாம்? அந்த இதுல பெரிசா சின்னதா?

புதன்கிழமை ரிப்பனின் கடைக்கே போனோம். நிர்வாகக் குழு அங்கேதான் கூடும். விற்பனைக்கு வைத்த சோபாக்களில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபாக்கள். யார் கொஞ்சம் அசைந்தாலும் கீச்சென்று ஒரு சத்தம் வரும். நான் விஷயத்தைச் சொன்னேன். ஒன்பது பெண்கள், ஒரு பெட்டி, மூன்று மாதம். சொல்லி முடித்தபோது பத்துப் பேரும் ஒரே நேரத்தில் கீச்சிட்டார்கள்.

ரிப்பன் கைகளைக் கோத்துக்கொண்டார். "தம்பி, உங்க அக்கா எனக்கும் பொண்ணு மாதிரிதான். நான் தப்பா சொல்லல. ஆனா இது ராணுவத்துக்குப் போற பெட்டி. ஒரு கண்ணியம் இருக்கு. ஏர்போர்ட்ல ஆபீசர் பிரிச்சுப் பாப்பாரு. லிஸ்ட சத்தம் போட்டு வாசிப்பாங்க."

"வாசிக்கட்டும் சார்."

"அதுக்குக் கீழ என் கையெழுத்து இருக்குமே தம்பி? அந்தப் பொருளுக்குக் கீழ என் பேர் எப்படி வரும்?"

நான் அவருடைய மனைவியைப் பார்த்தேன். மகளிர் அணித் தலைவி. கூட்டத்தில் அம்மாவைத் தவிர அவர் ஒருவர்தான் பெண். அவர் கனிவோடு சிரித்தார். "நானும் பொம்பளதானே, எனக்குத் தெரியாதா? பாவம் அந்தப் பொண்ணுங்க. அவங்களுக்குன்னு தனியா ஏதாவது செய்யணும்தான். ஒரு சின்ன சென்ட் பாட்டில் வைப்போமா?"

திரவப் பொருள் அனுப்பக்கூடாது என்று ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் நினைவூட்டினார்.

"அப்ப பவுடர்."

பெண் வீரர்களின் நலன் கருதி அடுத்த முறையிலிருந்து பெட்டிக்கு ஒரு பவுடர் டப்பா வைப்பதென்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார்கள். அழகான கையெழுத்து ஒரு சாபம். எழுதினேன். பேனா முனை தாளைக் கிழித்து அடுத்த பக்கத்திலும் பதிந்தது.

அம்மா அதுவரை சோபாவின் விளிம்பில், உறை சத்தம் போட்டுவிடுமோ என்று பயந்தவள்போல ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்று ரிப்பன் கேட்டபோது, "சரிங்க ஐயா," என்றாள்.

திரும்பி வரும்போது பேருந்தில் அம்மாவுக்கு ஜன்னல் இருக்கை கிடைத்தது. நான் பக்கத்தில் நின்றேன்.

"நீ ஏம்மா வாயே தொறக்கல?"

"எல்லாரும் ஆம்பளைங்கடா."

"அந்த மேடம்?"

"அவங்க மேடம்."

எனக்குள் அதுவரை அடைத்துக்கொண்டிருந்ததெல்லாம் தவறான ஆள்மேல் திரும்பியது. ரிப்பனிடம் கத்தத் துணிவில்லாதவன் பெற்றவளிடம் கத்தினேன். ஊரார் ரத்தத்தையெல்லாம் தொவைக்கற, பெத்த பொண்ணுக்கு வர்றதச் சொல்ல மட்டும் நாக்கு சுளுக்கிக்குதா என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அக்கா சொல்ல வேண்டாம் என்றதைச் சொல்லிவிட்டேன். துண்டு. நான்காகக் கிழிப்பது. புண். காய்ச்சலுக்குக் காரணம் வெயில் இல்லை. "நீ மடிச்சு வைக்கிறியே, அதே துண்டுதான்," என்றேன்.

அம்மா அடுத்த நிறுத்தத்திலேயே எழுந்து இறங்கிவிட்டாள். எங்கள் நிறுத்தத்துக்கு இன்னும் மூன்று இருந்தது. பேருந்து கிளம்பிய பிறகு பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் போவதென்று தெரியாதவள்போல நடைபாதையில் நின்றிருந்தாள். எனக்கு என்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அவள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு மேசையில் மூடி இருக்கும். சனிக்கிழமை காலையில் சமூகக்கூடத்துக்கு வரும்போது, மருத்துவமனைச் சலவைக்குப் போகும் பச்சைத் துணிமூட்டை ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து எட்டாவது மேசைக்குக் கீழே தள்ளி வைத்தாள். வேலை முடிந்து அப்படியே ஷிப்டுக்குப் போகிறாள்போல என்று நினைத்துக்கொண்டேன். காலை முழுக்கத் தலை நிமிராமல் துண்டு மடித்தாள். வழக்கமாக மூலைக்கு மூலை வைத்து நீவி மடிப்பவள், அன்று ஒவ்வொரு துண்டையும் விரித்து, அந்த நீல எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் மடித்தாள். முப்பத்தெட்டுத் துண்டுகள். முப்பத்தெட்டு முறை படித்தாள்.

நான்கு மணிக்கு லாரி வரும் என்றார்கள். மூன்றரைக்கு ரிப்பன் மனைவியோடும் ஒரு புகைப்படக்காரரோடும் வந்தார். கடைசி இரண்டு பெட்டிகளில் அவர் கையாலேயே துண்டு வைப்பது வழக்கம். மறுநாள் அந்தப் படம் எங்கேயாவது வரும். முப்பத்தெட்டு பெட்டிகளும் ஒட்டி, படிவம் ஒட்டி, வாசலருகே அடுக்கியாயிற்று. மிச்சம் இரண்டு காலிப் பெட்டிகள் முதல் மேசையில் நின்றன.

அம்மா எட்டாவது மேசையை விட்டு எழுந்தாள். முதல் மேசைக்குப் போய், '39' என்று எழுதியிருந்த காலிப் பெட்டியை எடுத்தாள். பிஸ்கட்டுக்காரர் பிஸ்கட்டை நீட்டினார். வாங்கவில்லை. சோப்பு, பற்பசை எதிலும் நிற்கவில்லை. வரிசைக்கு வெளியே நடுக்கூடத்தில் குறுக்காக நடந்து என் மேசைக்கு வந்து பெட்டியை வைத்தாள். பிறகு அந்தப் பச்சை மூட்டையை இழுத்து வந்து முடிச்சை அவிழ்த்தாள்.

உள்ளே செய்தித்தாளில் சுற்றிய பொட்டலங்கள். மருந்துக் கடையில் அப்படித்தான் கொடுப்பார்கள், ஏதோ கடத்தல் சரக்குபோல. அம்மா ஒன்றை எடுத்துத் தாளைப் பிரித்தாள். தாளைக் கசக்கிக் கீழே போட்டாள். பொட்டலத்தைப் பெட்டிக்குள் வைத்தாள். அடுத்தது. அதற்கடுத்தது. கூடத்தில் பேச்சுச் சத்தம் மேசை மேசையாக அணைந்துகொண்டே வந்தது. தாள் கிழிகிற சத்தம் மட்டும் கேட்டது. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் கூரையில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை முதல்முறையாகப் பார்ப்பவர்போல ஆராயத் தொடங்கினார். எங்கள் அப்பா இருந்திருந்தால் மோட்டாரை நிறுத்தப் போயிருப்பார்.

தலைவி வேகமாக வந்தார். "என்னம்மா இது, எல்லார் முன்னாடியும்? சுத்தியாவது வைக்கக் கூடாதா?"

"சுத்தி வச்சா லிஸ்டுல என்னன்னு எழுதறது மேடம்? பழைய பேப்பர்னா?"

அம்மா கையை நிறுத்தவில்லை. ரிப்பன் வந்தார். புகைப்படக்காரரும் பின்னாலேயே வந்து, எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கேமராவை வயிற்றோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, இத நாமதான் புதன்கிழமையே பேசி முடிச்சோமே?"

"நீங்க பேசினீங்க ஐயா. நான் கேட்டுட்டு இருந்தேன்."

"நான் என்ன சொன்னேன்? அதுக்குக் கீழ என் பேர் எப்படி..."

"உங்க பேர் ஏற்கெனவே அங்கதான் இருக்கு."

அவருக்குப் புரியவில்லை. அம்மா எட்டாவது மேசைக்குப் போய் ஒரு துண்டை எடுத்து வந்து, உதறி, என் மேசைமேல் விரித்தாள். உள்ளங்கையால் சுருக்கத்தை நீவினாள். விரலை நீல எழுத்தின்மேல் வைத்தாள்.

"இதத்தான் நாலா கிழிச்சு வச்சுக்கறாங்க என் பொண்ணும் மத்த எட்டுப் பொண்ணுங்களும். ரெண்டு மாசமா. இது உங்க பேர், இது உங்க கடை பேர், இது போன் நம்பர். தண்ணி இல்லாம அரைகுறையா அலசி, மறுபடியும் அதையே வச்சுக்கிட்டு வண்டிக்கு அடியில படுக்கறா. தொடையெல்லாம் வெந்து புண்ணாயிடுச்சு." குரல் உயரவே இல்லை. மருத்துவமனையில் துணிக் கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். "இருபது வருஷமா துணி தொவைக்கிறேன் ஐயா. உங்க சாயத்த எனக்குத் தெரியும். நல்ல சாயம். ரத்தம் போயிடும். உங்க பேர் போகாது."

யாரோ ஒருவர் இருமினார். பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

தலைவி அந்தத் துண்டைப் பார்த்தார். பிறகு தன் கணவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கனிவு இல்லை. அதுவரை அவர் முகத்தில் கனிவு இல்லாமல் நான் பார்த்ததில்லை. குனிந்து மூட்டையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு, பிரிக்காமலேயே, அம்மாவிடம் நீட்டினார். அம்மா அதை வாங்கித் தாளைக் கிழித்துப் பெட்டியில் வைத்தாள்.

"நீங்க முன்னாடியே இத சொல்லியிருக்கலாமே," என்றார் ரிப்பன். காது மடலெல்லாம் சிவந்திருந்தது. "இப்படி எல்லாரையும் வச்சுக்கிட்டு... எனக்குத் தெரியுமா என்ன? துண்டு துடைக்கறதுக்குத்தானே குடுத்தோம்?"

"ஆமா. ஷேவ் பண்ணிட்டுத் துடைக்க," என்றேன். இத்தனை நாளாக வராமலிருந்த நக்கல் அந்த நேரம் பார்த்து வந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

அம்மா என்னைப் பார்த்தாள். புதன்கிழமைக்குப் பிறகு முதல்முறையாக.

"எழுது," என்றாள்.

"என்னன்னும்மா?"

"நாப்கின்னு எழுது."

அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. படிவத்தை எடுத்தேன். பெட்டி எண் 39. நாப்கின், முப்பத்தாறு பாக்கெட். அவ்வளவுதான். வேறு எதுவும் இல்லாத படிவம் பார்க்க மிகவும் காலியாக இருந்தது. என் வாழ்க்கையிலேயே அழகாக எழுதியது அந்த ஒரு வரியைத்தான். கோடு கோடாக, சுழி சுழியாக, பரிசு கொடுப்பார்கள் என்பதுபோல எழுதினேன். 'சங்கத் தலைவர் கையொப்பம்' என்ற இடத்தில் விரலை வைத்து, பேனாவையும் படிவத்தையும் அவர் பக்கம் திருப்பினேன்.

ரிப்பன் பேனாவை வாங்கிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டார். அதுவரை கடைக்கு அனுப்பிய முப்பத்தெட்டு படிவங்களில் ஒன்றைக்கூடப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவர், இந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். வெளியே லாரி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. ஓட்டுநர் ஹாரனை ஒருமுறை அடித்தார். கொஞ்சம் பொறுத்து இரண்டுமுறை அடித்தார். பேனா முனை தாளுக்கு மேலே, அரை விரல் உயரத்தில் நின்றது. புகைப்படக்காரர் கேமராவை மெதுவாக வயிற்றிலிருந்து நெஞ்சுக்கு உயர்த்தினார்.

அம்மா பெட்டியின் மூடியை மடக்கினாள். இரண்டு கைகளாலும் தூக்கித் தராசின்மேல் வைத்தாள். உள்ளே இருப்பது மூன்று கிலோகூட வராது. வைத்த கைகளை அவள் எடுக்கவில்லை. பெட்டியின் இரண்டு பக்கமும் ஊன்றிக்கொண்டு, முழு உடம்பையும் அதன்மேல் சாய்த்துக்கொண்டு ரிப்பனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முள் ஐந்தைத் தாண்டி, பத்தைத் தாண்டி, தராசில் எண்களே இல்லாத இடத்துக்குப் போய் அங்கே நின்று அதிர்ந்துகொண்டிருந்தது.

கூடத்திலிருந்த எல்லோரும் முள்ளைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். சொல்ல வேண்டியது நான்தான். காலையிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் சொல்லவில்லை.